அமெரிக்க நர்சிங் ஹோமில் நிர்வாகியாகச் சேருகிறீர்களா? முதல் சில மாதங்களுக்கான வழிகாட்டி

அமெரிக்காவில் நர்ஸாகவோ பிசியோதெரபிஸ்டாகவோ சில வருடம் வேலை பார்த்துவிட்டு, "அடுத்து அட்மினிஸ்ட்ரேட்டர் லைசென்ஸ் எடுத்தால் என்ன?" என்று யோசிக்கும் நம்மவர்கள் இருக்கிறார்கள். ஊரில் மருத்துவமனை நிர்வாகம் படித்துவிட்டு வந்து நேரே அந்தப் பக்கம் போகிறவர்களும் உண்டு. இரவு ஷிப்ட் கிடையாது, சம்பளம் பரவாயில்லை, இடுப்பு ஒடிய யாரையும் தூக்கி உட்காரவைக்க வேண்டியதில்லை. எல்லாம் சரி. ஆனால் அந்தப் பதவிக்கு வந்த நாளிலிருந்து, நீங்கள் கையால் தொட்டே பார்க்காத ஒரு பாட்டியின் முதுகில் வரும் புண்ணுக்கும் நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும். "நான் நர்ஸ் இல்லை, நிர்வாகம் மட்டும்தான் பார்க்கிறேன்" என்ற பேச்சு அங்கே எடுபடாது.

நர்சிங் ஹோம் என்று இங்கே சொல்வது நம் ஊரில் டாக்டர் தம்பதி நடத்தும் சின்ன ஆஸ்பத்திரியை அல்ல. வயதாகி, நோயோடு, நாள் முழுக்க நர்ஸ் உதவி தேவைப்படுகிறவர்கள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தங்கும் இடம். இடுப்பு எலும்பு அறுவைசிகிச்சை முடிந்து சில வாரப் பயிற்சிக்கு வருகிறவர்களும் அங்கேயே இருப்பார்கள். நாடு முழுவதும் ஏறக்குறைய 15,000 இல்லங்கள், 12 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். மெடிக்கேர் (முதியோருக்கான அரசுக் காப்பீடு), மெடிக்கெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு) பணம் வாங்கும் எந்த இல்லமும் சி.எம்.எஸ். என்ற மத்திய அமைப்பின் விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும். மாநிலங்கள் அதற்கு மேல் தங்கள் விதிகளையும் சேர்த்துக்கொள்ளும். கீழே சொல்வது பெரும்பாலும் மத்திய விதி. உங்கள் மாநிலத்துடையதைத் தனியாகப் படித்துக்கொள்ளுங்கள்.

சேருவதற்கு முன்னால்

லைசென்ஸ் விஷயம் சுருக்கமாக. மாநிலம்தான் தருகிறது. பெரும்பாலான மாநிலங்களில் ஏற்கெனவே லைசென்ஸ் உள்ள ஒருவரின் கீழ் ஏ.ஐ.டி. என்ற பயிற்சிக் காலம், அப்புறம் 'நாப்' என்ற தேசிய வாரியம் நடத்தும் தேர்வு, சில இடங்களில் மாநிலத் தேர்வும். பயிற்சி மணிக்கணக்கு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பயிற்சிக் காலத்தை அலுவலகத்தில் பில் பார்த்தே கழித்துவிடாமல் சமையலறை, லாண்டரி, இரவு ஷிப்ட் எல்லாவற்றிலும் நின்று பாருங்கள். பின்னால் அதற்கு நேரமே கிடைக்காது.

சட்டத்தின் மையம் ஒரே வரி. 1986இல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் நர்சிங் ஹோம்களின் தரம் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன் தொடர்ச்சியாக 1987 டிசம்பரில் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டத்தில் நர்சிங் ஹோம் சீர்திருத்தமும் வந்தது. ஒவ்வொருவரும் தன் நிலையில் உடலாலும் மனத்தாலும் எட்டக்கூடிய மிகச் சிறந்த நலத்தை எட்டவும், எட்டியதைத் தக்கவைக்கவும் இல்லம் வழிசெய்ய வேண்டும் என்பது அதன் சாரம். நிர்வாகம் பற்றிய விதியும் அதையே பிடித்துக்கொள்கிறது: கையிலுள்ள ஆள், பணம், பொருள் எல்லாவற்றையும் அந்த நலம் கிடைக்கும்படி திறமையாகப் பயன்படுத்தி இல்லத்தை நடத்த வேண்டும். இல்லங்களைச் சோதிக்க வரும் ஆய்வுக்காரர்களின் கணக்கில் இதற்கு எஃப் 835 என்று எண். படுக்கைப் புண்ணுக்கோ கீழே விழுந்ததற்கோ பெரிய குறை எழுதும்போது, அதன் வேர் அலுவலகத்தில் இருப்பதாகத் தெரிந்தால் இந்த எண்ணிலும் ஒரு குறை எழுதுவார்கள். அது உங்களைப் பற்றியது.

ஆகவே வேலைக்கு 'சரி' சொல்வதற்கு முன் சில விஷயங்களைத் துருவிக் கேளுங்கள். கடந்த மூன்று ஆய்வுகளின் அறிக்கைகள் பொதுவில் கிடைக்கும், எடுத்துப் படியுங்கள். ஒரே குறை மூன்று முறையும் வந்திருந்தால், உங்களுக்கு முன்னால் இருந்தவருக்கு அதைச் சரிசெய்ய அதிகாரமோ பணமோ கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று வருடத்தில் எத்தனை அட்மினிஸ்ட்ரேட்டர்கள் மாறினார்கள் என்று கேளுங்கள். (அட்மினிஸ்ட்ரேட்டர் அடிக்கடி மாறினால் சி.எம்.எஸ். இல்லத்துக்குத் தரும் நட்சத்திர மதிப்பீட்டில் ஊழியர் பகுதிக்கான மதிப்பெண் குறையும். ஆக, நீங்கள் ஆறு மாதத்தில் ஓடினால் அதுவும் கணக்கில் ஏறும்.)

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி: யாரையும் கேட்காமல் நான் எவ்வளவு செலவு செய்யலாம்? சனிக்கிழமை இரவு 11 மணிக்கு இரண்டு பேர் லீவு சொல்லிவிட்டால் தற்காலிக ஆள் அனுப்பும் ஏஜென்சியிலிருந்து ஆள் வரவழைக்க யார் அனுமதி வேண்டும்? படுக்கைப் புண் வராமல் காக்கும் காற்று மெத்தை ஒன்று வாடகைக்கு எடுக்க யார் கையெழுத்து வேண்டும்? "ரீஜனல் ஆபீசுக்கு மெயில் போடுங்கள்" என்பது பதிலானால், பொறுப்பு உங்களுக்கு, அதிகாரம் அவர்களுக்கு. அந்த வேலைக்குப் போகவே கூடாது என்று சொல்ல மாட்டேன். அனுமதி வாங்கும் முறையை எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள்.

முதல் வாரம்: நடந்து பாருங்கள்

பாலிசி ஃபைல்கள் பதினைந்து அங்குலம் தடிமனாக உங்கள் மேஜையில் காத்திருக்கும். காத்திருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்குப் போய் நில்லுங்கள். யாருக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டாம்.

வாசலில் அன்றைக்கு எத்தனை நர்ஸ், எத்தனை எய்ட் (நர்ஸுக்கு உதவியாக நோயாளிகளைப் பராமரிப்பவர்) வேலையில் இருக்கிறார்கள் என்று எழுதி மாட்டியிருக்க வேண்டும், விதி அது. தாளில் உள்ள எண்ணிக்கையையும் பிரிவுகளில் நிற்கும் தலைகளையும் எண்ணிப் பாருங்கள். அடுத்து அறைக்குள். தண்ணீர்க் குவளை கைக்கு எட்டுகிறதா, அல்லது ஜன்னல் ஓரத்தில் அழகாக இருக்கிறதா? அழைப்பு மணியின் கயிறு படுக்கையில் இருக்கிறதா, தரையில் கிடக்கிறதா? நகம் வெட்டியிருக்கிறதா? குளியலறைக்குள் சக்கர நாற்காலிகளும் பழைய மெத்தைகளும் அடுக்கி வைத்திருந்தால், அங்கே யாரும் குளிப்பதில்லை என்று அர்த்தம், பதிவேடு என்ன சொன்னாலும் சரி. காலை உணவுத் தட்டுகள் திரும்பி வரும்போது மூடியைத் திறந்து பாருங்கள். யார் சாப்பிடவில்லை என்பது அந்தத் தட்டுகளில் தெரியும்.

இரவு உணவுக்கும் மறுநாள் காலை உணவுக்கும் நடுவே 14 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்பது பொது விதி. இரவில் சத்துள்ள சிற்றுண்டி கொடுத்து, தங்கியிருப்பவர்களும் ஒத்துக்கொண்டால் 16 மணி வரை போகலாம். மாலை நாலரைக்கே சாப்பாட்டை முடித்துவிட்டுக் காலை எட்டரைக்குத் தட்டு வைக்கும் இல்லத்தில் அந்தச் சிற்றுண்டி உண்மையில் கை மாறுகிறதா, அல்லது ஃபிரிட்ஜிலேயே இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்களோடு பொறுப்பைச் சுமப்பவர்கள்

முதல் ஆள் டி.ஓ.என்., அதாவது நர்சிங் டைரக்டர். முழுநேர ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) ஆக இருக்க வேண்டும். உங்கள் இருவருக்கும் ஒத்துப்போகவில்லையென்றால் வேறு எதுவும் நடக்காது. அவர் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தால் கவலைப்படுங்கள்: ஆள் பற்றாக்குறையால் டைரக்டரே ஷிப்ட் பார்க்கிறார், மேற்பார்வை செய்ய யாரும் இல்லை. சராசரியாக 60 பேரோ அதற்குக் குறைவாகவோ தங்கியிருக்கும் இல்லத்தில் மட்டுமே டி.ஓ.என். சார்ஜ் நர்ஸாகவும் (ஷிப்டுக்குப் பொறுப்பான நர்ஸ்) இருக்கலாம் என்பது விதி.

அடுத்தவர் மெடிக்கல் டைரக்டர். இந்தப் பதவி பல இடங்களில் காகிதத்தில் இருக்கும். மாதம் ஒருமுறை வந்து கையெழுத்திட்டுப் போவார். அவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, மற்ற டாக்டர்கள் நேரத்துக்கு வராதபோது யார் பேசுவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். சேர்ந்த முதல் 90 நாளில் 30 நாளுக்கு ஒருமுறை, அதன்பின் 60 நாளுக்கு ஒருமுறையாவது டாக்டர் நேரில் பார்க்க வேண்டும். ஒரு டாக்டரிடம் "ஏன் வரவில்லை" என்று நீங்கள் கேட்பதைவிட இன்னொரு டாக்டர் கேட்டால் வேலை நடக்கும். இது உலக வழக்கம்.

எம்.டி.எஸ். (நோயாளி மதிப்பீட்டுப் படிவம்) கோஆர்டினேட்டரை பில்லிங் ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். புதிதாக வந்தவரை 14 நாளுக்குள் முழுமையாக மதிப்பிடுவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்ப்பது, உடல்நிலை பெரிதாக மாறினால் மறுபடியும் மதிப்பிடுவது எல்லாம் அவர் வழியாகத்தான் நடக்கிறது. வந்த 48 மணி நேரத்துக்குள் அடிப்படைப் பராமரிப்புத் திட்டமும், முழு மதிப்பீடு முடிந்த 7 நாளுக்குள் விரிவான திட்டமும் தயாராக வேண்டும். எண்கள் பெரிய விஷயமில்லை, கம்ப்யூட்டர் ஞாபகப்படுத்தும். திட்டத்தில் எழுதியதை எய்ட் படித்திருக்கிறாரா என்பதுதான் விஷயம். "இவரைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்" என்று கேர் பிளானில் இருக்கும். எய்டின் கையிலுள்ள துண்டுத் தாளில் ஒருவர் என்று இருக்கும். விபத்து அந்த இடைவெளியில் நடக்கிறது.

காலைக் கூட்டம்

தினமும் காலை ஒன்பது மணி வாக்கில் துறைத் தலைவர்கள் கூடுவார்கள். பதினைந்து நிமிடம். பெரும்பாலான இல்லங்களில் இந்தக் கூட்டம் எத்தனை படுக்கை காலி, இன்றைக்கு யார் சேருகிறார்கள் என்பதோடு முடிந்துவிடும். நீங்கள் அதைத் திருப்பிப் போடுங்கள். நேற்றிலிருந்து யார் விழுந்தார், யாருக்குத் தோலில் புதிதாக ஏதாவது தெரிகிறது, யாருக்கு எடை குறைந்தது, யார் ஆஸ்பத்திரிக்குப் போனார், யார் புகார் சொன்னார்? முதலில் இந்த ஐந்தும். காலிப் படுக்கை கடைசியில்.

எடையை எடுத்துக்கொள்வோம். ஒரு மாதத்தில் 5 சதவீதம், மூன்று மாதத்தில் ஏழரை, ஆறு மாதத்தில் 10 சதவீதம் குறைந்தால் அது கவனிக்க வேண்டிய இழப்பு. 120 பவுண்டு இருந்த அம்மா 114க்கு வந்துவிட்டார். டயட்டீஷியன் சத்துப் பானம் எழுதுவார், நர்ஸ் டாக்டருக்குச் சொல்வார், எல்லோரும் தங்கள் வேலையைச் செய்தாகிவிட்டது என்று நினைப்பார்கள். நீங்கள் ஏன் என்று கேளுங்கள். பல்செட் காணோம். ஏன் காணோம்? சாப்பிட்டு முடித்ததும் கழற்றிக் காகிதத் துண்டில் சுற்றித் தட்டில் வைத்திருப்பார். தட்டோடு குப்பைக்குப் போயிருக்கும். இது எல்லா இல்லத்திலும் நடப்பது. புதுப் பல்செட்டுக்குப் பணம் யார் தருவது என்று இரண்டு அலுவலகங்கள் மூன்று வாரமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும். பாட்டி மெல்ல முடியாமல் இருக்கிறார். இந்த முடிச்சை நர்ஸ் அவிழ்க்க முடியாது. நீங்கள்தான் அவிழ்க்க வேண்டும், ஒரு போன் காலில்.

அல்லது அவர் சைவம். நியூ ஜெர்சியில் இந்தியர்களுக்கென்றே தனிப் பிரிவு வைத்த இல்லங்கள் உண்டு. அங்கே பருப்பும் சோறும் கிடைக்கும். மற்ற இடங்களில் சைவம் என்றால் இறைச்சியை எடுத்துவிட்டு மீதியை வைப்பார்கள்: மசித்த உருளைக்கிழங்கு, வேகவைத்த பீன்ஸ், தினமும். தங்கியிருப்பவர்களின் மதம், பண்பாடு, இனத்துக்கு ஏற்ற உணவைத் தர நியாயமான முயற்சி செய்ய வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. சமையலறைப் பட்ஜெட் உங்கள் கையெழுத்தில் இருக்கிறது.

படுக்கைப் புண்ணையும் இப்படியே பின்னோக்கிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவரை அனுப்புகிறார்கள். அந்த நேரத்தில் ஒரே ஒரு ஏஜென்சி நர்ஸ், அவருக்கு உங்கள் கம்ப்யூட்டர் முறை தெரியாது. திருப்பிப் போட்டு இடுப்பின் பின்பக்கத்தைப் பார்க்கவில்லை. திங்கள்கிழமை பார்த்தால் தோல் சிவந்திருக்கிறது. காற்று மெத்தை கேட்டு விண்ணப்பம் போகிறது. புதன்கிழமை மெத்தை வருகிறது. அதற்குள் புண் திறந்துவிட்டது. இதில் நர்ஸின் தவறு ஒன்று. வார இறுதியில் ஆள் இல்லை என்று தெரிந்தும் வெள்ளி மாலை ஆளைச் சேர்த்தது, மெத்தைக்கு இரண்டு நாள் அனுமதி தேவைப்படும்படி வைத்தது, ஏஜென்சி ஆளுக்கு அரை மணி அறிமுகம்கூடத் தராதது, இந்த மூன்றும் அலுவலகத்தின் தவறு. எழுதும் அறிக்கையில் முதல் ஒன்று மட்டும் வரும். உங்கள் நோட்டுப் புத்தகத்தில் மற்ற மூன்றும் வரட்டும்.

ஆள் கணக்கு

மத்திய விதியில் நீண்ட காலமாக இருப்பது இவ்வளவுதான்: 24 மணி நேரமும் லைசென்ஸ் உள்ள நர்ஸ், வாரம் ஏழு நாளும் தினம் தொடர்ந்து 8 மணி நேரம் ஒரு ஆர்.என்., மற்றபடி 'போதுமான' ஊழியர்கள். 2024 மே மாதம் சி.எம்.எஸ். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 3.48 மணி நேரப் பராமரிப்பு, முழுநாள் ஆர்.என். என்று புதிய வரம்பு அறிவித்தது. 2025 ஏப்ரலில் டெக்சஸில் மத்திய நீதிமன்றம் அந்த வரம்பை ரத்து செய்தது. ஆகவே எண் கட்டாயம் இல்லையே என்று சில முதலாளிகள் நிம்மதியாக இருக்கிறார்கள். நீங்கள் அப்படி இருக்க முடியாது. 'போதுமான' என்றால் எவ்வளவு என்று கணக்குப் போட்டு எழுதும் பொறுப்பு உங்கள் தலையில்தான். அதற்குப் பெயர் ஃபெசிலிட்டி அசெஸ்மென்ட். வருடத்துக்கு ஒருமுறையாவது திருத்த வேண்டும். எந்த மாதிரி நோயாளிகள், எவ்வளவு உதவி தேவை, ஒவ்வொரு ஷிப்டுக்கும் எத்தனை பேர் வேண்டும் என்று அதில் இருக்க வேண்டும்.

வார்ப்புருவை நிரப்பி முடிக்காமல் ஒரு இரவை எடுத்துக் கணக்குப் போடுங்கள். 40 பேர் இருக்கும் ஒரு பிரிவு, இரவில் இரண்டு எய்ட். அதில் 12 பேரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு பேராகச் சேர்ந்து புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். துணி மாற்றிக் கை கழுவி அடுத்த அறைக்குப் போக ஒருவருக்குப் பத்து நிமிடம். மொத்தம் 120 நிமிடம். முடிக்கும்போது மறுபடி முதல் அறைக்குப் போக வேண்டிய நேரம் வந்துவிடும். மீதி 28 பேரில் ஒருவர் கழிப்பறைக்குப் போக மணியடித்தால் யார் போவது? யாரும் வராததால் அவர் தானே எழுந்து போவார், விழுவார். அல்லது எய்டுகள் புரட்டாமலே "புரட்டினேன்" என்று டிக் அடிப்பார்கள். பொய் டிக் அடித்த எய்டைப் பிடித்து வேலையைவிட்டு அனுப்புவது சுலபம். அடுத்து வருபவரும் அதையேதான் செய்வார், ஏனென்றால் உங்கள் கணக்கில் நேரமே இல்லை.

வேலை நேர விவரங்களைக் காலாண்டுக்கு ஒருமுறை சம்பளப் பதிவேட்டிலிருந்தே சி.எம்.எஸ்.ஸுக்கு அனுப்ப வேண்டும். காலாண்டு முடிந்து 45 நாள் அவகாசம். 2022 ஜூலையிலிருந்து வார இறுதி ஆள் அளவும், ஊழியர்கள் விட்டுப்போகும் விகிதமும் நட்சத்திரத்தில் சேர்கின்றன. எய்டுகள் ஏன் போகிறார்கள் என்று தெரிய ஆலோசகர் தேவையில்லை. ஷிப்ட் முடியும்போது வாசலில் நின்று கேட்டால் சொல்வார்கள்: நோயாளியைத் தூக்கும் பெல்ட் கிழிந்திருக்கிறது, ஷெட்யூல் வியாழக்கிழமைதான் தெரிகிறது, பேர்கூடத் தெரியாமல் கூப்பிடுகிறார்கள்.

அடித்தார்கள், திட்டினார்கள், காணாமல் போனது

இந்த விஷயத்தில் யோசிக்க நேரம் இல்லை. கொடுமை நடந்ததாகக் குற்றச்சாட்டு வந்தால், அல்லது பலத்த காயம் இருந்தால், 2 மணி நேரத்துக்குள் மாநிலத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கொடுமையோ பலத்த காயமோ இல்லாத கவனக்குறைவு, பொருள் பறிபோனது போன்றவை 24 மணி நேரத்துக்குள். விசாரணை முடிவு 5 வேலை நாளுக்குள். "முதலில் விசாரிப்போம், உண்மையா என்று பார்ப்போம், அப்புறம் சொல்லலாம்" என்பதுதான் புதியவர்கள் விழும் குழி. குற்றச்சாட்டு வந்த நிமிடத்திலிருந்தே கடிகாரம் ஓடுகிறது. சொன்னவருக்கு மறதி நோய் இருந்தாலும் சரி. சம்பந்தப்பட்ட ஊழியரை அன்றைக்கே நோயாளிகளிடமிருந்து விலக்கி வைத்துவிட்டு விசாரியுங்கள். அது தண்டனை இல்லை என்று அவருக்கும் மரியாதையாகச் சொல்லுங்கள்.

புகார் கொடுக்கும் குடும்பத்தை எதிரியாகப் பார்க்காதீர்கள். தினமும் வந்து நொச்சு நொச்சென்று கேள்வி கேட்கும் மகள் உங்களுக்குச் சம்பளமில்லாத ஆய்வாளர். புகாருக்கு எழுத்தில் பதில் கொடுத்து, அந்தக் கோப்பை 3 வருடம் வைத்திருங்கள். ஆம்பட்ஸ்மேன் (தங்கியிருப்பவர்களின் புகார்களைக் கவனிப்பவர்) வந்தால் காபி கொடுத்து உட்காரவைத்துப் பேசுங்கள். அவர் நோயாளிகளின் பக்கம் நிற்க வேண்டியவர், நிற்கட்டும்.

க்யூ.ஏ.பி.ஐ.: கூட்டம் போட்டால் மட்டும் போதாது

க்யூ.ஏ.பி.ஐ. என்பது தர மேம்பாட்டுத் திட்டம். அதற்கான தர மேம்பாட்டுக் குழு காலாண்டுக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். டி.ஓ.என்., மெடிக்கல் டைரக்டர் அல்லது அவர் சார்பில் ஒருவர், தொற்றுத் தடுப்புப் பொறுப்பாளர், இவர்களோடு குறைந்தது மூன்று ஊழியர்கள். அந்த மூவரில் ஒருவர் நீங்களோ முதலாளியோ தலைமைப் பொறுப்பில் உள்ள வேறொருவரோ ஆக இருக்க வேண்டும். என் ஆலோசனை: மாதம் ஒருமுறை கூடுங்கள், கூட்டத்தில் ஒரு எய்டையும் உட்காரவையுங்கள். அவருக்குத்தான் தெரியும்.

வண்ண வண்ணமாக இருபது வரைபடம் காட்டி எல்லோரும் தலையாட்டிக் கலைவதில் பயன் இல்லை. ஒரே ஒரு பிரச்சினையை எடுங்கள். கீழே விழுதல் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்தில் நடந்தவற்றை நேரப்படி அடுக்கிப் பாருங்கள். பாதிக்கு மேல் பிற்பகல் இரண்டே முக்காலுக்கும் மூன்றரைக்கும் நடுவே என்று வந்தால், அது மூன்று மணி ஷிப்ட் மாறும் நேரம். போகிறவரும் வருகிறவரும் நர்ஸ் ஸ்டேஷனில் நின்று பொறுப்பு மாற்றிக்கொள்கிறார்கள், தாழ்வாரத்தில் யாரும் இல்லை. தீர்வு: எய்டுகளின் ஷிப்டை நர்ஸ் ஷிப்டிலிருந்து அரை மணி தள்ளி வைப்பது. செலவு ஏதுமில்லை. ஆனால் ஷெட்யூலை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இருப்பதால், நீங்கள் மேஜையில் இல்லாத கூட்டத்தில் இந்த முடிவு வராது. "ஊழியர்களுக்கு மறுபயிற்சி" என்றுதான் முடியும். மறுபயிற்சி என்ற சொல்லைக் கண்டாலே எனக்குச் சந்தேகம் வரும். தெரியாததால் செய்யவில்லையா, நேரமில்லாததால் செய்யவில்லையா என்று கேட்காமல் எழுதப்படும் சொல் அது.

ஆய்வு வரும் நாள்

சொல்லாமல்தான் வருவார்கள். ஓர் ஆய்வுக்கும் அடுத்ததற்கும் 15 மாதத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது என்பது கணக்கு. புகார் வந்தால் எப்போது வேண்டுமானாலும். குறைகளை ஏ முதல் எல் வரை எழுத்துகளால் குறிப்பார்கள்: எவ்வளவு தீவிரம், எத்தனை பேரைப் பாதித்தது என்ற இரண்டையும் வைத்து. ஜே, கே, எல் மூன்றும் 'உடனடி ஆபத்து'. அது வந்தால் அன்றைக்கே ஆபத்தை நீக்கும் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். நீங்காவிட்டால் 23 நாளில் மெடிக்கேர் ஒப்பந்தமே போகலாம்.

ஆய்வாளரோடு வாதாடாதீர்கள், குழையவும் வேண்டாம். கேட்ட காகிதத்தைக் கொடுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்தவரை அழைத்து வாருங்கள். 2567 என்ற படிவத்தில் அறிக்கை வந்ததும் 10 நாளுக்குள் திருத்தத் திட்டம் அனுப்ப வேண்டும். ஒரு குறையை ஏற்கவில்லையென்றால் மறுப்பதற்கும் அதே 10 நாள்தான். பாதிக்கப்பட்டவருக்கு என்ன செய்தீர்கள், அதே ஆபத்தில் உள்ள மற்றவர்களை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், முறையில் என்ன மாற்றினீர்கள், யார் எத்தனை நாள் கண்காணிப்பார், எந்தத் தேதிக்குள்: திருத்தத் திட்டத்தில் இவை இருக்க வேண்டும். எழுதியதையெல்லாம் செய்தாக வேண்டும், திரும்ப வந்து பார்ப்பார்கள். அதனால் செய்ய முடிந்ததை மட்டும் எழுதுங்கள்.

மின்சாரம் போனால்

2017 செப்டம்பரில் இர்மா புயல் ஃபுளோரிடாவைத் தாக்கியது. அங்கே ஹாலிவுட் என்ற நகரிலிருந்த 'ஹாலிவுட் ஹில்ஸ்' என்ற நர்சிங் ஹோமில் ஏ.சி.க்கு மின்சாரம் தந்த டிரான்ஸ்ஃபார்மர் செயலிழந்தது. மற்ற மின்சாரம் இருந்தது, விளக்கு எரிந்தது. ஏ.சி. மட்டும் இல்லை. தற்காலிகக் குளிரூட்டிகளை வைத்தார்கள், மின் நிறுவனத்துக்கும் ஆளுநர் அலுவலகம் கொடுத்திருந்த எண்ணுக்கும் திரும்பத் திரும்ப போன் செய்தார்கள். இயங்கிக்கொண்டிருந்த பெரிய ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருந்தது. செப்டம்பர் 13 விடிவதற்குள் ஒருவர் பின் ஒருவராக மூர்ச்சையானார்கள். சிலரின் உடல் வெப்பம் 107 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியது. 12 பேரின் மரணத்துக்கு அந்த வெப்பமே காரணம் என்று முடிவானது. இல்லம் மூடப்பட்டது. அட்மினிஸ்ட்ரேட்டர் மீது, கொலையாகாத மரணம் விளைவித்ததாகக் குற்றச்சாட்டு வந்தது. 2023இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. நடுவில் அவர் வாழ்ந்த ஐந்து வருடத்துக்கும் மேலான காலத்தையும் நினைத்துப் பாருங்கள்.

அந்த இல்லத்திலும் அவசரத் திட்டம் எழுதி வைத்திருந்தார்கள். அதனால் உங்கள் திட்டத்தைப் படிக்கும்போது தேட வேண்டியது ஒரு விஷயம்: அறை வெப்பம் எந்த எண்ணைத் தொட்டால் ஆட்களை வெளியேற்றுவது, அந்த முடிவை இரவு இரண்டு மணிக்கு யார் எடுக்கலாம்? அறை வெப்பம் 71 முதல் 81 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. 82ஐத் தொட்டதும் இரவு சூப்பர்வைசர் யாரையும் கேட்காமல் அடுத்த கட்டத்துக்குப் போகலாம் என்று எழுதி, அவருக்குச் சொல்லியும் வையுங்கள். ஃபுளோரிடா 2018இல் 96 மணி நேரம் 81 டிகிரிக்கு மேல் போகாமல் காக்கும் மாற்று மின்சாரத்தைக் கட்டாயமாக்கியது. உங்கள் ஜெனரேட்டர் எதையெல்லாம் ஓட்டும், எதை ஓட்டாது என்று மெயின்டனன்ஸ் ஆளோடு நேரில் போய்ப் பார்த்து ஒரு பட்டியல் போடுங்கள். காற்று மெத்தை, ஆக்சிஜன் இயந்திரம், லிஃப்ட், ஏ.சி. ஒவ்வொன்றாக.

முதலாளி முடியாது என்றால்

வரும். நிச்சயம் வரும். இன்னொரு இரவு எய்ட் கேட்பீர்கள், "இந்தக் காலாண்டில் முடியாது" என்பார்கள். வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். மேலே இருக்கும் நிர்வாகக் குழுவுக்கும் தரத்தில் சட்டப்படி பொறுப்பு உண்டு. உங்களை நியமிப்பதும், தர மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பதில் சொல்வதும் அவர்களே. ஆகவே எழுதுங்கள்: இத்தனை பேர், இவ்வளவு வேலை, இவ்வளவு நேரம், போன மாதம் இத்தனை பேர் விழுந்தார்கள், இவ்வளவு செலவாகும். கோபமில்லாமல், எண்களோடு. ஃபெசிலிட்டி அசெஸ்மென்டிலும் தரக் குழுவின் குறிப்பிலும் அது பதிவாகட்டும். பெரும்பாலும் மூன்றாவது கடிதத்துக்குப் பணம் வரும், ஏனென்றால் எழுத்தில் வந்ததைத் தெரியாது என்று சொல்ல அவர்களாலும் முடியாது.

வரவில்லையா? இருக்கும் ஆட்களால் பார்க்க முடிந்த அளவுக்கு மட்டும் புதிய நோயாளிகளைச் சேருங்கள். படுக்கை காலியாக இருப்பதைப் பார்த்ததும் மேலிருந்து போன் வரும், அப்போது பேசலாம். அதற்கும் மசியாமல், "கணக்கை மட்டும் மாற்றி எழுதுங்கள்" என்று யாராவது சொன்னால், அன்றைக்கே கிளம்ப ஆயத்தமாகுங்கள். வேலை போனால் இன்னொன்று கிடைக்கும், லைசென்ஸ் போனால் கிடைக்காது. அட்மினிஸ்ட்ரேட்டர் மாறினால் மாறும் நேரத்திலேயே இல்லம் மாநிலத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உங்கள் கடைசி நாள் எது என்று மாநிலத்துக்குப் போன கடிதத்தின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மறுநாள் நடந்த எதற்காவது இரண்டு வருடம் கழித்து உங்களுக்குச் சம்மன் வரக்கூடும்.